கடல் கடந்த கையொப்பம்

ஓர் உத்தியோகஸ்தர் ஒப்பமிட்டு முத்திரை பதித்துத் தந்த தாள் தன் நாட்டில் யார் முன்னும் தலை நிமிர்ந்து நிற்கிறது. அதே தாளைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி அக்கரையில் இறக்கினால், ஊர் பேர் தெரியாத அநாதையாய்விடுகிறது. "இதில் ஒப்பமிட்டவர் யார்? அவருக்கு அவ்வதிகாரம் உண்டா? முத்திரை மெய்தானா?" என்று அக்கரைக் கச்சேரியிலிருப்பவர் கேட்கிறார். அவர் கேட்பதில் குற்றமொன்றுமில்லை. தாம் கண்டறியாத கையொப்பத்தை அவர் எங்ஙனம் நம்புவார்? இக்கேள்விகளுக்கு விடை சொல்ல நாடுகள் என்னென்ன வழிகளைக் கண்டன, அவ்வழிகளில் யார் எளிதாக நடந்து சென்றனர், யார் இடறி வீழ்ந்தனர் என்பதைத் தமிழர் வரலாற்றிலிருந்தே வாசகர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

இதற்குப் பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாசைப்போலப் பொருத்தமான இடம் அரிது. 1935-இல் அங்கே விமான நிலையம் ஏற்பட்டது. 1972-இல் மலேசியாவின் முதல் தீர்வையற்ற தொழில் வட்டாரம் அங்கேதான் அமைந்தது. மின்னணுத் தொழிற்சாலைகளை நாடித் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் பட்டச் சான்றிதழ்களோடு அங்கு வந்திறங்குகிறார்கள். ஆனால், அவ்வூரின் கிழக்குக் கரையில் நின்று கடலை நோக்குபவரின் கண்ணெதிரே கிடப்பது ஜெரெஜாக் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுக் கப்பலில் வந்த தமிழ்க் கூலிகளைத் தொத்துநோய்க்கு அஞ்சி அடைத்து வைத்துச் சோதித்த தீவு அதுவே. தொழுநோயாளரை ஒதுக்கி வைத்ததும் அங்கேதான். பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, அது சிறைச்சாலையாகவும் இருந்தது. பட்டச் சான்றிதழோடு வருபவர் இறங்கும் கரைக்கும், யாதொரு தாளுமின்றி வந்தவர் இறக்கப்பட்ட கரைக்கும் இடையே உள்ளது ஒரு சிறு கால்வாய் அளவான கடலே.

முதலில் பழங்கதை ஒன்றைச் சொல்லவேண்டும். கதையென்றாலும் செப்பேட்டில் உள்ளதுதான். பினாங்குக்கு நேரெதிரே உள்ள கெடா நாடே நம் முன்னோர் கடாரம் என்றழைத்தது என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. 1786-இல் ஆங்கிலேயர் கைக்கு வரும்வரை பினாங்கும் கெடாச் சுல்தானுடையதாகவே இருந்தது. அக்கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் புத்தப்பள்ளியை எடுப்பித்தபோது, இராசராச சோழன் கி.பி. 1006-ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு வழங்கினான். அயல்நாட்டான் ஒருவன் பெறும் உரிமைக்கு உள்நாட்டில் செல்லுபடியாகத்தக்க பத்திரம் வேண்டுமல்லவா? அது எவ்வாறு உண்டாயிற்று என்பதை அச்செப்பேடே விரிவாகக் கூறுகிறது. அரசன் வாயால் மொழிகிறான். அதை ஓலையெழுதுவான் எழுதுகிறான். ஓலைநாயகங்கள் ஒப்பிடுகிறார்கள். வரிக்கணக்கில் பதிகிறார்கள். பின்பு ஊரார் கூடிப் பெண்யானையை நடத்தி எல்லை காட்டி, தாமும் ஓர் ஓலை எழுதித் தருகிறார்கள். அரசன் மொழிந்த நாளுக்கும் இவ்வோலை முடிந்த நாளுக்கும் இடையே இரண்டாண்டு கடந்தது என்பதைக் கண்டால், இக்காலத்துக் கச்சேரிகளை நாம் அளவுக்கு மிஞ்சி வைதுவிட்டோமோ என்று தோன்றுகிறது. இவ்வளவும் நடந்த பின்னர் இராசராசன் மகன் இராசேந்திரன் காலத்தில் அது 21 செப்பேடுகளில் வெட்டப்பட்டு வளையத்தில் கோக்கப்பட்டு முத்திரையிடப்பட்டது.

அதோடு முடிந்ததா? 1090-ஆம் ஆண்டளவில் கடாரத்தரசனின் தூதர் இருவர் முதற் குலோத்துங்கனிடம் வந்து, அப்பள்ளிக்குரிய ஊர்களின் வரிநீக்கத்தை மீண்டும் செப்பேட்டில் எழுதித் தருமாறு வேண்டிப் பெற்றனர். அதாவது, ஓர் அரசு எழுதிய பத்திரத்தை வேறு நாட்டான் தன் உரிமைக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டுமாயின், தூதர் வழியாக அதைப் புதுப்பித்துக்கொள்வது அன்றே வழக்காயிருந்தது. இச்செப்பேடுகள் பின்னாளில் ஒல்லாந்து தேசத்து லைடன் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால் லைடன் செப்பேடுகள் என்றே பெயர்பெற்றன. அயல்நாட்டுப் பத்திரங்களைப் பற்றி உலகம் ஒப்பிய உடன்படிக்கை 1961-இல் ஏற்பட்டதும் அவ்வூருக்கு அண்மையிலுள்ள ஹேக் நகரத்தில்தான். இது தற்செயலே. எனினும் சொல்லாமல் விடுவதற்கு மனமில்லை.

நிற்க. கும்பினியார் காலத்துக்கு வருவோம். பினாங்கு 1786 முதல் 1867 வரை இந்தியாவிலிருந்த கும்பினி ஆட்சிக்கும் அதன் பின்வந்த இந்திய சர்க்காருக்கும் உட்பட்டே இருந்தது. 1805-இல் அது தனி மாகாணமாயிற்று. 1826-இல் மலாக்கா, சிங்கப்பூரோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றமாயிற்று. 1867 ஏப்ரல் முதல் நாளன்றுதான் அது இந்திய சர்க்காரிடமிருந்து பிரிந்து லண்டன் குடியேற்ற இலாகாவின் கீழ்ச் சென்றது. ஆகவே எண்பது ஆண்டுக் காலம் நாகப்பட்டினத்துப் பத்திரமும் பினாங்குப் பத்திரமும் ஒரே ஆட்சியின் பத்திரங்கள். பிரிந்த பிறகும் சட்டம் பிரியவில்லை என்பது வியப்புக்குரியது. ஸ்டீபன் என்பார் இந்தியாவுக்காக வகுத்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தை அப்படியே பெயர்த்தெடுத்து 1893-இல் நீரிணைக் குடியேற்றத்தில் நாட்டினர். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் அதன் வழிவந்ததே. அயல்நாட்டுப் பொதுப்பத்திரத்தை மெய்ப்பிக்கும் வகை 78-ஆம் பிரிவில், நோட்டரி முன் எழுதிய அதிகாரப் பத்திரத்தை மெய்யென்று கொள்ளுதல் 85-ஆம் பிரிவில் என்று, பிரிவு எண்கூட மாறாமல் இரு கரையிலும் ஒன்றாகவே இருந்தன. இந்தியா 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் கொண்டுவந்தபோதுதான் அவ்வெண்ணொற்றுமை கலைந்தது.

இச்சட்ட ஒற்றுமையின் பயனை முழுவதும் துய்த்தவர் யாரெனில், நாட்டுக்கோட்டை நகரத்தார். 1857-இல் பினாங்கில் தண்ணீர்மலைச் சாலையில் கோயில் கட்டும் அளவுக்கு அவர்கள் அங்கு வேரூன்றிவிட்டனர். பினாங்கு வீதிக் கிட்டங்கியில் ஒரே கூரையின்கீழ்ப் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியடி. பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவரோ முதலாளியல்லர். முதலாளி தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ இருப்பார். அவர் பெயரால் பணம் கொடுக்கவும் வாங்கவும், தோட்டத்தை அடைமானம் பிடிக்கவும், கோர்ட்டில் வழக்குத் தொடுக்கவும் மேலாள் ஒருவர் மூன்றாண்டு தவணைக்கு அனுப்பப்படுவார். அம்மேலாளை மேலாளாக்குவது எது? ஒரு தாள். "பவர்" என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் அதிகாரப் பத்திரம். முதலாளி நோட்டரி முன்னோ நீதிபதி முன்னோ எழுதிக் கொடுத்த அத்தாள் பினாங்கு நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டால், ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து ஒருவருடைய கை நீண்டு வந்து ரப்பர்த் தோட்டத்தைத் தொடலாம். தவணை முடிந்து மேலாள் மாறும்போது பழைய பவரைத் தள்ளிப் புதிய பவர் வரவேண்டும். புதியது வரும்வரை பெட்டியடியில் பெரிய காரியம் ஒன்றும் ஆகாது. முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த விலாசமே கடைக்குப் பெயர். மேலாள் அவ்விலாசத்தை எழுதி அதன்கீழ்த் தன் பெயரை எழுதினால், அதுவே முதலாளியின் கையெழுத்து.

மறுபக்கமாகவும் இது நடந்தது. பினாங்கிலிருப்பவர் சிவகங்கைச் சீமையிலுள்ள நிலத்தை விற்க வேண்டுமாயின், அங்கிருந்தே பவர் அனுப்பலாம். இந்தியப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இதற்கு இடந்தருகிறது. முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தினாற் போதும் என்கிறது. இன்றும் பினாங்கிலிருந்து வரும் பவர்கள் இவ்வழியே மாவட்டப் பதிவாளரிடம் போகின்றன. மூன்று மாதம் கடந்து பெட்டியில் உறங்கிய பவருக்காக அழுதவர் பலர். மலேசியாவின் 1949-ஆம் ஆண்டு அதிகாரப் பத்திரச் சட்டமும், உயர்நீதிமன்றத்தில் பதியாத பவர் பவரன்று என்கிறது. பணம் படைத்தவர்க்காகச் செய்யப்பட்ட சட்டம் எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டிருக்கிறது, பார்த்தீர்களா!

இனி, அதே கப்பலின் அடித்தட்டில் வந்தவர்களை நோக்குவோம்.

அவர்களுக்கும் தாள் இருந்தது. ஆனால் அத்தாள் அவர்களுடையதன்று. 1910-இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்து கங்காணி முறை தலையெடுத்தது. கங்காணியின் கையில் உரிமப் பத்திரம். அவன் திரட்டிய ஆட்களைக் கிராம முன்சீப் முன்னிறுத்தி, தடையில்லை என்று ஒப்பம் பெறவேண்டும். பிறகு ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமில் பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் பதியப்பட்டன. கடல் கடந்து ஜெரெஜாக் தீவில் அடைக்கப்பட்டபோதும் எண்ணப்பட்டனர். தோட்டத்துக் கிராணியின் பேரேட்டிலும் ஏற்றப்பட்டனர். இத்தனை ஏடுகளில் ஒருவன் பெயர் எழுதப்பட்டும், அவற்றில் ஒன்றேனும் அவன் பெட்டியில் இருந்ததில்லை. அவை அவனைக் கணக்கிட எழுதியவை. அவனுக்கு உரிமை தர எழுதியவையல்ல. பத்திரம் என்பது இருவகை என்பதை நாம் இங்கே காண்கிறோம். ஒருவன் உலகத்துக்குக் காட்டுவதற்காகத் தன் கையில் வைத்திருப்பது ஒன்று. உலகம் அவனைப் பிடித்து வைப்பதற்காகத் தன் கையில் வைத்திருப்பது மற்றொன்று. செட்டியார் கையிலிருந்தது முன்னது. கூலியைப் பற்றி இருந்ததெல்லாம் பின்னதே.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இது இன்னும் அப்பட்டமாக விளங்கிற்று. அங்கே "துண்டு" என்றொரு சீட்டு இருந்தது. கூலியின் கடனைத் தீர்ப்பவர் அவனைக் கொண்டுபோகலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. 1921-இல் அது ஒழிக்கப்பட்டது. மனிதனுக்காக எழுதிய ரசீது என்பதன்றி அதற்கு வேறு பெயர் நமக்குத் தெரியவில்லை. அதே இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் அங்கே பிறந்ததற்கோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததற்கோ சான்று கொண்டு வா என்று அம்மக்களைக் கேட்டது! பிறப்பைப் பதியாத லயத்தில் பிறந்தவன் எங்கே போவான்? பல இலட்சம் பேர் எந்நாட்டாருமல்லர் என்றாக்கப்பட்டனர். 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டுக்கொண்டது.

மலாயாவில் இடி வேறுவகையில் விழுந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு பொழிந்து பினாங்கைப் பிடித்தனர். அடுத்த ஈராண்டில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில்பாதை போடத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். வெள்ளைக்காரச் சிறைவீரர் இறந்தால் பெயர் எழுதி வைக்க அவர்தம் கூட்டாளிகள் இருந்தனர். பின்னர்க் கல்லறையும் எழுப்பப்பட்டது. தமிழன் காலராவில் மாண்டால் எழுதி வைத்தவர் யார்? அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லுமில்லை, இறப்புப் பதிவுமில்லை.

திரும்பி வராதவன் மனைவிக்கு இது எத்தகைய வழக்கென்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஊரில் கணவன் பங்கான அரைக்காணி நிலம் இருக்கிறது. கொழுந்தன், "அண்ணன் செத்ததற்குச் சீட்டு எங்கே?" என்கிறான். சீட்டு எழுதவேண்டிய சர்க்கார் அந்நாளில் ஜப்பான் சர்க்கார். அது ஓடிவிட்டது. செத்த இடம் சயாம் காடு. வழக்கு நடக்கவேண்டிய இடம் தமிழ்நாட்டுக் கோர்ட்டு. இதற்குச் சட்டம் தந்த ஒரே கைத்தடி, நாம் முன்னர்ச் சொன்ன சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. அதுவும் இரு கரைக்கும் ஒன்றே. உயிரோடிருந்தால் இயல்பாகச் செய்தி அறியக்கூடியவர்கள் ஏழாண்டாக ஒருவனைப் பற்றிக் கேள்விப்படவில்லையாயின், அவன் இருக்கிறான் என்பவனே அதை மெய்ப்பிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஏழாண்டு காத்திருந்தால் கணவன் இறந்தவனாகக் கொள்ளப்படுவான். ஆனால் என்று இறந்தான் என்பதை அப்பிரிவு சொல்லாது. மாமனார் இறப்பதற்கு முன் இறந்தானா, பின் இறந்தானா என்பதில்தான் சொத்துரிமையே தொங்குமாயின், அவள் மறுபடியும் சாட்சி தேடவேண்டும். இலக்கியங்களில் கணவன் வரவை நோக்கிச் சுவரில் கோடிட்டு நாளெண்ணும் தலைவியரை வியந்து வியந்து பேசுகிறோமே, சட்டத்துக்காக ஏழாண்டு எண்ணிய இப்பெண்களை யார் பாடினர்?

போருக்குப் பின் நாடுகள் பிரிந்தன. தாளின் விலை ஏறியது. 1948-இல் மலாயாக் கூட்டரசு ஏற்பட்டது. அதே ஆண்டு அவசரகாலம் பிறந்து, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவர்க்கும் அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. பினாங்கு நீரிணைக் குடியேற்றமானதால் அங்கே பிறந்தவன் பிறப்பால் ஆங்கிலப் பிரஜை. படகேறி எதிர்க்கரையைத் தாண்டிக் கெடாத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அவ்வுரிமை இல்லை. ஒரே தாய் வயிற்று அண்ணனும் தம்பியும், பிரசவம் நடந்த கரையைப் பொறுத்து வெவ்வேறு நாட்டாராயினர். 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை வந்தது. அன்று முதல் 1962 செப்டம்பர் வரை அங்கே பிறந்த குழந்தைக்குப் பிறந்த மண்ணே போதும். அதன் பிறகு பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்றாயிற்று. இந்தியாவும் தன் அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவில், வெளிநாட்டிலுள்ள இந்திய வமிசத்தார் தூதரிடம் பதிந்துகொண்டு குடிமக்களாகலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. ஆனால் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இந்தியாவில் பிறந்தவரென்று காட்டவேண்டும். எதைக் கொண்டு காட்டுவது? முன்சீப் ஒப்பமிட்ட தாள் கங்காணியோடு போயிற்று. முகாம் ஏடு சர்க்காரிடம் இருக்கிறது.

இரண்டு கதவுகளுக்கும் நடுவே நின்றவர்க்குச் சிவப்பு அடையாளக் கார்டே மிஞ்சியது. 1968-இல் குடிமக்களல்லாதார் வேலை செய்யப் பெர்மிட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. 1969 மே கலகத்துக்குப் பின் அச்சட்டம் இறுக்கப்பட்டது. பால்மரத்தை முப்பதாண்டு வெட்டிய கை, வெட்டுவதற்குச் சீட்டு இல்லாமல் ரஜுலா கப்பலேறியது. 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பலே அவர்களுள் பலரை முன்பு கொண்டுவந்ததுமாம்.

தாள் இருந்தவர்க்கும் வேறோர் இடுக்கண் உண்டு. அதுதான் பெயர். தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்பது கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் அவனுக்குப் போதும். இதை அயலான் ஏட்டில் ஏற்றியபோது விளைந்த கூத்துக்கு அளவில்லை. சென்னையில் லட்சுமணன் என்றிருந்தவன் மலாயாக் கிராணியின் காதில் லெட்சுமணனாக விழுந்து, ஆங்கில எழுத்தில் வேறொருவனாகி வெளிவந்தான். சுப்பிரமணியனுக்கு ஒரே குடும்பத்தில் மூன்று எழுத்து வழக்கு. இன்னாருடைய மகன் என்பதை மலாய் மொழியில் அனாக் லெலாக்கி என்றும், மகளாயின் அனாக் பெரெம்புவான் என்றும் சுருக்கெழுத்தாகப் பெயரின் நடுவிலேயே எழுதுவது மலேசிய வழக்கம். இந்தியக் கச்சேரியிலோ அச்சுருக்கெழுத்தையும் பெயரின் பகுதியாக எண்ணிக்கொண்டு, "இது தங்கள் பாட்டனார் பெயரோடு ஒத்துவரவில்லையே" என்கிறார்கள்.

சாதிப் பட்டமும் இதில் சேர்ந்துகொண்டது. பழைய ஏடுகளில் பட்டமே பெயராக நிற்கும், இயற்பெயரைத் தேடவேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டங்களை விட்டொழிக்கச் சொல்லிற்று. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது இங்கும் பலர் பெயரின் வாலை அறுத்தெறிந்தனர். நல்ல காரியமே. ஆயினும் வாலறுந்த பேரன் வாலுள்ள பாட்டனுக்கு வாரிசு என்று காட்டுவதற்கு, இருவேறு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஆணையுறுதிப் பத்திரம் எழுதவேண்டியதாயிற்று. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன் எழுதப்படும் தாள்களுள் இவ்வகை ஏராளம். பட்டத்தைத் துறந்தவன் அதனை ஒருமுறை மீண்டும் தன் கையால் எழுதி, அது தன் குடும்பத்துக்குரியதே என்று சத்தியம் செய்யவேண்டியிருப்பது சட்டத்தின் விளையாட்டு!

திருமணமும் அப்படியே. மலேசியாவில் 1982 மார்ச்சு முதல் நாள் வரை இந்து வழக்கப்படி நடந்த திருமணங்களைப் பதியவேண்டுமென்ற கட்டாயமில்லை. அன்று நடைமுறைக்கு வந்த 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், முன்பு நடந்த வழக்கத் திருமணங்களெல்லாம் பதிவானவையாகவே கருதப்படும் என்று பெருந்தன்மையாகக் கூறிவிட்டது. கருதப்படும், சரி, காட்டுவதற்குத் தாள் எங்கே? கருத்தை உறையிலிட்டு அயல்நாட்டுக்கு அனுப்ப முடியுமா? தமிழ்நாட்டிலோ, புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாதென்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967-இல் நிறைவேறிய சட்டம்தான், முன்னர் நடந்தவற்றையும் சேர்த்து அவற்றுக்கு உயிர் தந்தது. இடைப்பட்ட காலத்தில் அவ்வாறு மணந்து கணவனோடு கடல் கடந்த பெண், தன் நாட்டிலேயே மனைவியென்று மெய்ப்பிக்கவியலாதவள். அக்கரையில் அவளுக்கு யார் மேலொப்பம் இடுவார்?

இவ்வளவையும் கண்ட பின்னர் 1961 அக்டோபர் 5-ஆம் நாள் ஹேக் உடன்படிக்கையை நோக்கினால், அது எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்கவில்லை என்பது தெளிவாகும். அதற்கு முன்பு ஒரு பிறப்புப் பத்திரம் அயல்நாட்டில் செல்ல, பதிவாளர் ஒப்பத்துக்கு மேலதிகாரி ஒப்பம், அதற்கு அமைச்சரவை ஒப்பம், அதற்கு அயல்நாட்டுத் தூதர் ஒப்பம், அதற்கு அந்நாட்டு அமைச்சரவை ஒப்பம் என்று மேலொப்பத்துக்கு மேலொப்பம் ஏறிக்கொண்டே போகும். உடன்படிக்கை இச்சங்கிலியை அறுத்து, அப்போஸ்தில் என்னும் ஒரே சான்றை வைத்தது. பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம். பத்து இலக்கமிட்ட வரிகள். தலைப்பு பிரெஞ்சு மொழியில். அது உறுதி செய்வது ஒப்பம் மெய், ஒப்பமிட்டவரின் பதவி மெய், முத்திரை மெய் என்ற மூன்றை மட்டுமே. தாளில் எழுதியிருப்பது மெய் என்று அது ஓரிடத்திலும் சொல்லவில்லை. இதை அறியாமல், அப்போஸ்தில் பெற்றுவிட்டால் பத்திரமே அசைக்க முடியாததாகிவிட்டதென்று தரகர் சொல்லைக் கேட்டுப் பணம் கொடுத்தவர் உளர். இராசராசனுடைய ஏற்பாடு ஒருவகையில் இதனினும் உயர்ந்தது. அங்கே ஊரார் யானையை நடத்தி நிலத்தையே காட்டினர்; ஒப்பத்தை மட்டும் பார்த்து அமையவில்லை.

இந்தியாவில் இவ்வுடன்படிக்கை 2005 ஜூலை 14-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி முதலிய சில நாடுகள் தடை கூறின. நாடுகளுக்குள்ளும் ஒருவர் ஒப்பத்தை ஒருவர் ஐயுறுவது உண்டென்பதற்கு இது சான்று. சிங்கப்பூரில் 2021-இலும், இந்தோனேசியாவில் 2022-இலும், சீனாவில் 2023-இலும் அது நடைமுறைக்கு வந்தது. மலேசியா 2024 முடியவும் சேரவில்லை. ஆகவே வங்கக் கடலின் இவ்விரு கரைக்கும் இடையே அவ்வாண்டிலும் பழைய சங்கிலியே கிடந்தது. 1867-க்கு முன் ஒரே ஆட்சியாகவும், 1893 முதல் ஏறத்தாழ நூற்றுமுப்பதாண்டு ஒரே சாட்சியச் சட்டமாகவும் இருந்த இரு நாடுகள், ஒன்றையொன்று முன்பின் அறியாதாரைப்போல முத்திரைமேல் முத்திரை கேட்டுக்கொள்வது வேடிக்கைதான்.

பாயான் லெப்பாசுத் தொழிற்சாலைக்கு வரும் தமிழ்நாட்டுப் பொறியாளரின் பட்டத்தாள் மாநில சர்க்காரின் கல்வித்துறைச் சரிபார்ப்பையும், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பத்தையும், மலேசியத் தூதரக ஒப்பத்தையும் பெற்று வருகிறது. 2019-க்குப் பின் வெளியுறவு அமைச்சகத்து ஒப்பத்துக்காகத் தில்லிக்குப் போகவேண்டியதில்லை, சென்னையிலேயே கிடைக்கிறது. பணமும் சில வாரங்களும் செலவாகும், அவ்வளவே. எதிர்த்திசையில், பினாங்கில் பிறந்தவர் தம் பிறப்புப் பத்திரத்தைத் தமிழ்நாட்டில் காட்டவேண்டின், மலாய் மொழியிலுள்ளதை மொழிபெயர்ப்பித்து, புத்ராஜெயாவிலுள்ள வெளியுறவு அமைச்சகத்தில் ஒப்பம் பெற்று, பின்பு கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குக் கொண்டு செல்லவேண்டும். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் 350 கிலோமீட்டர். அதுவும் முடியாத காரியமன்று.

முடியாமற்போவது, ஒப்பமிடுவதற்கு முதலில் ஒரு தாள் வேண்டுமே, அது இல்லாதவர்க்குத்தான். இந்தியா 2006 முதல் அயல்நாட்டு இந்திய வமிசத்தார்க்கு வழங்கும் ஓ.சி.ஐ. அட்டைக்கும் மூதாதையர் இந்தியர் என்பதைக் காட்டும் பழந்தாள் கேட்கப்படுகிறது. எந்த முத்திரையும் இங்கே உதவாது. முத்திரை குத்துவதற்கு ஒன்றுமில்லையே. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், கோலாலம்பூரிலுள்ள மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்திலும் குடிபெயர்ச்சித் துறையின் பழைய கட்டுகள் இருக்கின்றன. அவை ஆண்டு வாரியாகவும் இலாகா வாரியாகவும் அடுக்கப்பட்டவை. கூலியின் பேரன் அங்கே சென்று தேடவேண்டுமாயின், பாட்டன் எந்த ஆண்டு, எந்தத் துறைமுகத்தில், எந்தக் கங்காணியோடு கப்பலேறினார் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். அவ்வேடுகளைக் கிராமத்தின் பெயராலும் தகப்பன் பெயராலும் தேடத்தக்க அட்டவணையாக்கி, அதிலிருந்து எடுக்கும் நகலுக்கு இரு சர்க்காரும் சாட்சிய மதிப்புத் தருவதற்குப் புதிய உடன்படிக்கைகூட வேண்டியதில்லை. பொதுப்பத்திரத்தைக் காப்பவர் ஒப்பமிட்டுத் தரும் நகல் சான்றாகும் என்பது 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. மலேசியச் சட்டத்திலும் இருக்கிறது. அட்டவணைதான் எழுதப்படவேண்டும்.